எனக்குப் போர்த்தவேண்டிய பொன்னாடை

எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் முக்கால்வாசி ஒரே ஒரு சனிக்கிழமை மாலை, அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் உண்டானது. மிச்சக் கால்வாசி, அதைப் பற்றி இன்றுவரை என்னை வழிமறித்துக் கேட்பவர்களால் வந்தது. நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டு, கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். எங்கள் பக்கத்தில் பெண், மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நானும் ஒரு பெட்டித் துணியும் மூன்று பெட்டிப் புத்தகமுமாகக் கல்முனையிலிருந்து மாவடிப்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமா ஆதம்பாவா போடியார், தலைமுறையாக வயல் செய்கிறவர். புத்தகப் பெட்டிகளை இறக்கும்போது, இவையெல்லாம் படித்து முடித்தவையா, இனிமேல்தான் படிக்கவேண்டுமா என்று கேட்டார். முடித்தவை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப என்னத்துக்கு மருமகன் கொண்டு வந்த நீங்க?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மனிதர் உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். அன்றே என் வாழ்க்கையின் இலட்சியம் தீர்மானமாகிவிட்டது. நான் ஒரு கவிஞன், அதுவும் சில்லறைக் கவிஞன் இல்லை என்பதை இந்த மனிதர் தன் இரண்டு கண்ணாலும் பார்க்கவேண்டும்.

அதற்கு வசதியாக வந்ததுதான் நகரத்தின் ஆற்றங்கரைக் கலை விழா. விழாக் குழுவின் செயலாளர் நிசார், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். எனக்குக் ‘கவிச்சுடர்’ பட்டமும் பொன்னாடையும் தருவதாகக் குழுவில் பேசி முடித்துவிட்டான். பட்டத்தோடு வாசிக்கும் பாராட்டுரையை எழுத ஆள் இல்லை என்றான். நானே எழுதிக் கொடுத்தேன். (சிரிக்க வேண்டாம். நம் ஊரில் பட்டம் வாங்கிய எத்தனை பேர் அதை அடுத்தவன் கையால் எழுத விட்டிருக்கிறார்கள்?) ‘மண்ணை உழுவான் போல் மனங்களை உழுதவர், சொல்லை விதைத்து நம் பசி தீர்த்தவர்’ என்று போனது அது. சான்றிதழில் பெயருக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் யாராவது கோபித்துக்கொண்டால் ஆளை மாற்றவேண்டி வரும், எழுதிவிட்டால் அட்டை வீண் என்பது நிசாரின் முன்யோசனை.

பிரதம அதிதி கொழும்பிலிருந்து வரும் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர். அவரை வழக்கம்போல வாகனத்தில் இறக்கி மாலை போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆற்றங்கரை விழா என்றால் ஆற்றால்தானே வரவேண்டும்? இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, குருத்தோலை தொங்கவிட்டு, பாலத்தடியில் ஏற்றி மேடைக்கு நேரே கொண்டுவந்து இறக்குவது என்று திட்டம் போட்டேன். கரையில் பக்கீர்மார் றபான் மேளம் அடிக்க, இளைஞர்கள் கோல்களோடு பொல்லடி ஆட, தோணி வந்து சேரும்வரை ஒலிபெருக்கியில் வாசிக்க ஒரு வர்ணனையும் எழுதினேன். மாரி பெய்து ஓய்ந்த நேரம், ஆறு கரை தொட்டு நிறைந்து நின்றது. குழு முழுவதும் என்னைக் கட்டிப் பிடித்துப் பாராட்டியது.

விழாவுக்கு இரண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை, மாமா வயலிலிருந்து நனைந்த சாரத்தோடு வந்தார். முகத்துவாரத்தை மண் மூடிவிட்டது, ஆற்று நீர் கடலுக்குப் போகமுடியாமல் வயலுக்குள் ஏறி நிற்கிறது, இன்னும் இரண்டு நாள் நின்றால் வேளாண்மை அழுகிப்போகும் என்றார். முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுக்கவேண்டுமாம். எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

மாமா என்னிடம் ஓர் எழுத்து வேலை கேட்கிறார்! நான் உட்கார்ந்தேன். மூன்று பக்கம். விவசாயிகளின் கண்ணீர் ஆற்றில் கலந்து ஆறே பெருகிவிட்டது என்று தொடங்கி, படிப்பவன் கல்லாக இருந்தாலும் கரையும்படி முடித்தேன். எல்லோருடைய கையொப்பத்துக்கும் மேலே என் கையொப்பத்தையும் போட்டேன். என் எழுத்துகளில் வாசகரை உடனே எழும்பி நடக்கவைத்தது அது ஒன்றுதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியுமுன்னே மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் கடற்கரையில் நின்றது. மாலையாகுமுன்னே முகத்துவாரம் திறந்துவிட்டது.

ஆற்றில் தோணி ஓட்டத் திட்டம் போட்டவனும் நான், அந்த ஆற்றைக் கடலுக்குள் அனுப்பி வைத்தவனும் நான். இரண்டும் ஒரே ஆறு என்று இரண்டு நாளில் ஒரு தடவையாவது என் மண்டையில் படவேண்டாமா? படவில்லை. சனிக்கிழமை காலை நிசார் தொலைபேசியில் கூப்பிட்டு, ஆற்றில் தண்ணீர் இறங்குகிறது என்றான். நான் மாமாவின் வயலை நினைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். இவன் ஏதோ மாற்று ஏற்பாடு வைத்திருக்கிறான்போல என்று நம்பி நிசார் போனை வைத்துவிட்டானாம். ஒரு செயலாளர் இப்படியா இருப்பது? நான் கண்ணாடிக்கு முன்னால் ஏற்புரை பழகிக்கொண்டிருந்தேன்.

அஸர் தொழுதுவிட்டு, வெள்ளைக் களிசானும் கோட்டுமாக, மாமாவையும் அழைத்துக்கொண்டு போனேன். மாமாவை முன்வரிசையில் நடுக் கதிரையில் இருத்திவிட்டு ஆற்றைப் பார்த்தேன். நடுவில் மட்டும் தண்ணீர் ஓடியது. மேடைக்கும் அதற்கும் இடையில் தொண்ணூறு அடி அகலத்துக்குக் கறுப்புச் சேறு. அதற்குள் பாலத்தடியில் அதிதியை ஏற்றிவிட்டார்கள்.

தோணி சேற்றின் ஓரம்வரை ஒழுங்காகத்தான் வந்தது. அங்கே குந்திவிட்டது. தோணிக்காரர்கள் கம்பை ஊன்றினார்கள், கம்பு இறங்கியதே தவிர தோணி அசையவில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளரோ, நான் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல்லும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்: ‘இதோ, அன்னமென மிதந்து, அலைகளை வகிர்ந்து, நம்மை நோக்கி விரைந்து வருகிறது!’ விரைந்து வருகிறது என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். மூன்று தடவையும் சனம் சிரித்தது. றபான் அடிக்கிறவர்களுக்கு, தோணி கரை சேரும்வரை நிறுத்தவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர்களும் நிறுத்தவில்லை. அதிதி எழும்பி நின்றார், தோணி சரிந்தது, மறுபடி உட்கார்ந்தார். அவருடைய ஒரு சப்பாத்து சேற்றுக்குள் போயிற்று.

அந்த நேரம் நான் என்ன செய்தேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரையில் நின்று கையை ஆட்டி ஆட்டி வழி சொன்னேன். இறங்கியிருக்கலாம். ஆனால் இன்னும் பத்து நிமிடத்தில் மேடையில் பொன்னாடை வாங்கவேண்டிய ஆள், இடுப்புவரை சேற்றோடு போய் நிற்பதா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மனிதர் சேற்றில் தத்தளிக்கும்போது நான் என் களிசானைத்தான் யோசித்தேன்.

பின்னால் கதிரை ஒன்று நகரும் சத்தம் கேட்டது. மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். வயலில் நடக்கிற நடை, ஒவ்வொரு அடியையும் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தோணியடிக்குப் போய் முதுகைக் கொடுத்தார்.

"கழுத்தக் கட்டிப் புடிங்க ஐயா. பயப்பிடாதீங்க, இத விடப் பாரமான நெல்லுமூட்ட தூக்கினவன் நான்."

கூட்டம் முழுவதும் எழும்பி நின்று கைதட்டியது. அதிதியை மேடையில் இறக்கியபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. தட்டில் ஒரு பொன்னாடைதான் இருந்தது. அவர் அதை எடுத்தார். அது யாருக்கு என்று நிசார் குனிந்து சொல்லப் போனான், அவர் கேட்கவில்லை. சேறு வழிகிற மாமாவின் தோளில் அதைப் போர்த்திக் கட்டிப் பிடித்தார்.

பொன்னாடை போர்த்தியதும் பாராட்டுரையை வாசிக்கவேண்டும் என்பது அறிவிப்பாளருக்கு நான் கொடுத்த ஒழுங்கு. அவர் வாசித்தார். மண்ணை உழுதவர், விதைத்தவர், நம் பசி தீர்த்தவர். மேடையில் நின்றவருக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்திவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். என் வாழ்நாளில் என் எழுத்துக்கு அப்படியொரு கைதட்டல் கிடைத்ததில்லை, நானும் பழக்கதோஷத்தில் இரண்டு வரிக்குத் தலை வணங்கிவிட்டேன். அதிதி மாமாவின் பெயரைக் கேட்டு, சான்றிதழின் வெற்றிடத்தில் தன் கையாலேயே எழுதினார். ‘கவிச்சுடர் எம். ஆதம்பாவா’. பிறகு மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுகைக்குப் பின் கவியரங்கு தொடங்கியது, எனக்கு ஏற்புரை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா பொன்னாடையையும் சான்றிதழையும் என்னிடம் நீட்டினார்.

"இது ஒங்கட சாமான் மருமகன். எனக்கு விளங்கிற்று. வெச்சிக்கங்க."

அப்போதாவது கையை நீட்டி வாங்கியிருக்கலாம் அல்லவா? ரோஷம் விடவில்லை. உங்களுக்குக் கிடைத்த மரியாதை மாமா, உங்களிடமே இருக்கட்டும் என்று பெரிய மனதுக்காரன் மாதிரிச் சொன்னேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. நேராகப் போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்து, சான்றிதழை முன் மண்டபத்துச் சுவரில் மாட்டிவிட்டார். இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. ஒரு பேச்சுக்காவது இரண்டாம் தடவை கேட்கவேண்டாமா?

அது நடந்து எட்டு வருடமாகிறது. இன்று எங்கள் பக்கம் எந்தப் புத்தக வெளியீடு என்றாலும் மேடையில் கவிச்சுடர் ஆதம்பாவாவுக்கு ஒரு கதிரை உண்டு. போவார், இருப்பார், தேநீர் குடிப்பார், ஒரு வார்த்தை பேசாமல் வருவார். அடக்கமான கவிஞர் என்று அதற்கும் புகழ்கிறார்கள். என்னைக் கவிச்சுடரின் மருமகன் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். போன மாதம் ஒரு கவியரங்குக்கு அவரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். என் பெயர் அழைப்பிதழில் எங்குமே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடத்தில் உன் வாப்பா ஒரு கவிதை, ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாரா என்று மனைவியிடம் கத்தினேன்.

அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"இல்லதான். அதாலதானே அவர்ர பேர் இன்னம் கெடாம இரிக்கி."

இப்போது நான் பேனாவை எடுத்தால், என் இரண்டாம் வகுப்பு மகள் வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, பேர் கெடப்போகுது வாப்பா என்கிறாள்.