நாற்பது நொடியில் சொன்ன நன்றி

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. தேவைப்பட்டால் பேசுவேன். தேவை அதிகம் வருவதில்லை.

தொழில் அப்படி. அடி அண்ணாமலையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மிக்சி எல்லாம் வரும். கம்பி சுற்றும்போது சுற்றை எண்ண வேண்டும். நடுவில் ஒருவர் "சாப்ட்டியா?" என்று கேட்டு நான் "சாப்ட்டேன்" என்று சொன்னால் போச்சு. எழுபத்து மூன்றா, எழுபத்து நான்கா? பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும். அதனால் தலையை ஆட்டுவதோடு சரி. இருபத்தைந்து வருஷம் ஆட்டியதில் வாய்க்கு வேலை இல்லாமல் போய்விட்டது. (பெண் பார்க்கப் போனபோதும் தலையைத்தான் ஆட்டினேன். மல்லிகா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். சம்மதம்தான்.)

பள்ளிக்கூடம் ஆறாவதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் காமிக்ஸ். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வருவதில் பொறுக்கியவை. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. பெரிய ஆள் பொம்மைப் புத்தகம் படிக்கிறான் என்று சிரிப்பார்களே என்று, கடையில் பழைய கரண்டு பில் கட்டுக்குள் மறைத்து வைத்துப் படிப்பேன். கடன் தொல்லையில் பில்லையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று பக்கத்துக் கடைக்காரர் நினைத்திருந்தார்.

ஒரு நாள் காயிலுக்கு ஊற்றுகிற சூடான வார்னிஷ் கண்ணில் தெறித்தது. இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் அவிழ்க்கக் கூடாது. பார்வை வருமா என்று டாக்டரைக் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அவர் பார்ப்பார். நான் பார்ப்பேனா என்பதுதான் கேள்வி.

வேலை இல்லை. படிக்க முடியாது. சுவர் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. என் பெண் சரண்யா அப்போதுதான் அரசாங்கப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பாடம் கேட்டுக்கொண்டிருந்த பழைய போனை என் கையில் வைத்தாள்.

"அப்பா, இதுல ரெண்டு பேரு காமிக்ஸ் பத்தி மட்டும் பேசுறாங்க. வாரா வாரம் வரும். வருஷக்கணக்கா பேசிட்டு இருக்காங்க. பாட்காஸ்ட்னு சொல்வாங்க. கேளு."

கேட்டேன். (நிகழ்ச்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் மானத்தோடு அவர்கள் மானமும் சேர்ந்து போக வேண்டாம்.) ஒருவர் பாஸ்கர். இன்னொருவர் அன்வர். முதல் நாள் பாதி புரியவில்லை. அப்படி ஒரு வேகம். ரயில் மாதிரிப் பேசினார்கள். படித்தவர்கள், பட்டணத்துக்காரர்கள், இப்படித்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காது பழகிவிட்டது.

மல்லிகாவுக்குப் பழகவில்லை.

"என்னாங்க, எப்ப பாரு சண்ட போட்டுனே இருக்காங்க?"

"சண்டை இல்ல. பேசுறாங்க."

"இதுவா பேச்சு? மூச்சு உடவே மாட்டாங்களா?"

அவர்கள் ஒவ்வொரு கதையையும் கட்டம் கட்டமாகச் சொல்வார்கள். "மூணாவது கட்டத்துல குதிரை நிக்குது. மேல ஆளு இல்ல. சேணம் மட்டும் ஒரு பக்கமா தொங்குது" என்பார் பாஸ்கர். கட்டுக்குள்ளே எனக்குக் குதிரை தெரியும். அதன் நிழல்கூடத் தெரியும். பழைய நிகழ்ச்சிகள் முந்நூறுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றையும் கேட்டேன். அந்த மூன்று வாரமும் நான் இருட்டில் இல்லை.

கட்டு அவிழ்த்தார்கள். பார்வை இருந்தது. முதலில் மல்லிகாவைப் பார்த்தேன். அடுத்துப் பெட்டியைத் திறந்தேன். (வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது என்று உத்தரவு.)

இந்த இரண்டு பேருக்கும் ஒரு தடவை நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. என் வாழ்க்கையில் நானாகப் பேச ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

ஒரு வாரம் அவர்களே நிகழ்ச்சியில் சொன்னார்கள். ஊர் ஊராகப் போய், கேட்கிறவர்களைச் சந்தித்துப் பேச வைத்துப் பதிவு பண்ணப் போகிறார்களாம். திருவண்ணாமலைக்கும் வருகிறார்கள். சரண்யா என்னைக் கேட்காமலேயே அவர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். அடி அண்ணாமலையில் காயில் கட்டுகிறவர், பெட்டி நிறைய காமிக்ஸ் வைத்திருப்பவர், எங்கப்பா என்று. கண் விஷயத்தை எழுதவில்லை. "அத நீயே சொல்லுப்பா" என்றாள். வரச் சொல்லிப் பதில் வந்துவிட்டது.

எனக்குக் கவலை வேகம்தான். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அவர்கள் இரண்டு கதையை முடித்துவிடுவார்கள். என் வேகத்தில் பேசினால் "வணக்கம்" சொல்லும்போதே நிகழ்ச்சி முடிந்துவிடும். ஆகவே பழகினேன். காயிலுக்கு வைக்கிற தடித்த காகிதத்தில், சொல்ல வேண்டியதை எழுதி வைத்தேன். அதை மனப்பாடம் செய்து கடையில் தனியாக நின்று வேக வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். முதலில் இரண்டு நிமிஷம் ஆனது. ஒரு வாரத்தில் ஒரு நிமிஷம். மூன்றாம் வாரம் நாற்பது நொடிக்கு வந்தது. ஒரு விவசாயி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர், வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அப்படியே மோட்டாரோடு திரும்பி வேங்கிக்கால் கடைக்குப் போய்விட்டார்.

மல்லிகா சாப்பாடு கொண்டு வந்தவள் கூடையை வைக்காமலே நின்றாள்.

"சாமி கீமி வந்துருச்சா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அந்த நாள் வந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை. நகத்தில் இருந்த வார்னிஷைச் சுரண்டி எடுத்திருந்தேன். வாசலில் ஒரு வெள்ளைக்காரர் கழுத்தில் 'மௌனம்' என்று அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு விநாடி அந்த அட்டையைக் கேட்டு வாங்கலாமா என்று இருந்தது.

உள்ளே போனேன். தாடி வைத்தவர் எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

"வாங்கண்ணா... வாங்க... நான்தான் பாஸ்கர்... எப்படி இருக்கீங்க?"

எனக்குப் பகீர் என்றது. குரல் அவர் குரல்தான். ஆனால் இழுத்து இழுத்து வருகிறது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் டவுன் பஸ் திரும்பலாம்.

"இவரு அன்வர்ண்ணா... டீ... சாப்பிடுறீங்களா?"

அன்வரும் அப்படியே. "உக்காருங்கண்ணா... இது உங்க... இடம் மாதிரி."

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உடம்புக்கு வருமா? நம் ஊருக்கு வந்து சாமியார்களோடு உட்கார்ந்து எதையாவது இழுத்துவிட்டார்களா? மோந்து பார்த்தேன். டீ வாசனைதான் வந்தது.

அப்புறம்தான் எனக்கு ஒன்று தோன்றியது. அதுதான் என் முட்டாள்தனத்தின் உச்சி. காயில் கட்டுகிறவன் ஆயிற்றே, இவனுக்குப் புரிய வேண்டுமே என்று எனக்காக மெதுவாகப் பேசுகிறார்கள்! பாவம் பார்க்கிறார்கள்! சுருக்கென்று இருந்தது. நானும் உங்களுக்குச் சளைத்தவன் இல்லை என்று காட்ட வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

மைக்கை என் முன்னால் நகர்த்தினார்கள். பாஸ்கர் கேட்டார்: "அண்ணா, நம்ம நிகழ்ச்சியில... உங்களுக்குப் பிடிச்சது... என்னா?"

நான் மூச்சை இழுத்தேன். விட்டேன்.

"வணக்கம்எம்பேருஏழுமலைகாயில்கட்டுறவன்கண்ணுலவார்னிஷ்பட்டுமூணுவாரம்கட்டுபோட்டாங்கஅப்ப..."

அவ்வளவுதான் எனக்கே நினைவிருக்கிறது. நாற்பது நொடி. எங்கேயும் நிற்கவில்லை. முடித்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரத்து நாற்காலியில் இருந்த பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

அன்வர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"அண்ணா... படபடப்பா இருக்கா? இன்னொரு தடவ... நிதானமா சொல்றீங்களா?"

"சொல்லிட்டேன்."

"இல்லண்ணா... சரியா..."

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றேன். எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாத்தானே இருக்கோம்ணா. ஏன்?"

"மெதுவா பேசுறீங்க."

"எப்பவும் இப்படித்தான பேசுவோம்?"

"இல்ல. முந்நூறுக்கு மேல கேட்டிருக்கேன். நீங்க இப்படிப் பேச மாட்டீங்க. எனக்காக கம்மி பண்ண வேணாம். பேசுற மாதிரியே பேசுங்க."

"அண்ணா, சத்தியமா இதான் எங்க பேச்சு."

பொய் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, போன வார நிகழ்ச்சியை ஓடவிட்டு மைக் பக்கத்தில் வைத்தேன். கடகடவென்று பாஸ்கரும் அன்வரும் போனுக்குள்ளிருந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள்.

"இது யாரு?" என்று கேட்டேன். போலீஸ்காரர் மாதிரி.

பாஸ்கர் போனை வாங்கிப் பார்த்தார். எதையோ தொட்டார். முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"அன்வரு... ரெண்டுல இருக்குடா! அண்ணன் நம்மள ரெண்டு மடங்கு வேகத்துல வெச்சு கேட்டுட்டு இருக்காரு!"

அன்வர் சிரித்ததில் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். மைக் ஸ்டாண்டு விழுந்தது. சரண்யா பாடம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று இரண்டில் வைத்திருக்கிறாள். மாற்றாமல் என்னிடம் கொடுத்துவிட்டாள். இத்தனை மாதமாக அவர்கள் "ஒரு மணி நேரம் பேசிட்டோம்" என்று முடிக்கும்போதெல்லாம், அரை மணிதானே ஆயிற்று, இப்படிப் பொய் சொல்கிறார்களே, போகட்டும், நல்லவர்கள் என்று நான் மன்னித்து வந்திருக்கிறேன்.

"சாரிண்ணா, சாரிண்ணா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் காது சூடாகிவிட்டது. எழுந்தேன். கும்பிட்டேன். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், போட்டு வந்தது அன்வர் செருப்பு.

சரண்யாவிடம் போனை நீட்டினேன். "ரெண்டுல இருக்காம்."

"ஆமா. நான் எப்பவும் ரெண்டுலதான் கேப்பேன். ஏன்பா?"

அன்று சாப்பாடு இறங்கவில்லை. சிரித்தது பெரிதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்பதுதான். அவர்கள் இனி எங்கே வரப் போகிறார்கள்? வந்தாலும் என்னை எதற்குக் கூப்பிடுவார்கள்?

நான்காம் நாள் போன் வந்தது. பாஸ்கர்.

"செருப்பு பத்திரமா இருக்கு" என்றேன்.

"செருப்புக்கு இல்லண்ணா." நிறுத்தினார். "நீங்க பேசுனத பாதி வேகத்துல வெச்சு கேட்டோம். புரியல. அதுக்கும் கீழ கம்மி பண்ணோம். அப்பதான் புரிஞ்சுது."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கண்ணு கட்டியிருந்தப்ப நாங்க சொன்ன குதிரைய பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க. நீங்க இல்லன்னா அந்த மூணு வாரம் நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

அன்வர் போனை வாங்கினார். "அண்ணா, ஏழு வருஷமா ஒரு ரூமுக்குள்ள சுவத்தப் பாத்து பேசுறோம்ணா. அந்தப் பக்கம் யாரு இருக்காங்கனு தெரியாது." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

பேசத் தெரிந்தவர்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். எனக்கு அது பழக்கமான இடம். நானும் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நன்றி சார்" என்றேன். மெதுவாக. "கேட்டுச்சுண்ணா" என்றார் அன்வர்.

எல்லாவற்றையும் அப்படியே போடலாமா என்று கேட்டார்கள். சரி என்றேன். என் நாற்பது நொடியை வேகத்தைக் குறைத்துப் போட்டார்கள். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம். குறைத்ததில் என் குரல் குழறிக்கொண்டு வந்தது. மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"குடிச்சிட்டா போனீங்க?"

ஆனால் கடைசி வரை கேட்டாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

சரண்யா அதைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினாள். அதோடு தொடங்கியது. மோட்டார் கொண்டு வருகிறவர்கள், "யோவ், ரெண்டுல சுத்திடாத, கெணறு காலியாயிடும்" என்கிறார்கள். வேங்கிக்கால் போன விவசாயியும் வந்தார். "உனக்கு என்னாமோ ஆயிருச்சுன்னு நெனச்சு போயிட்டேன்யா" என்றார். பில் கட்டுக்குள் நான் எதைப் படிக்கிறேன் என்பதும் பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாங்கிப் போன காமிக்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை.

போன தை மாதம் சரண்யாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "பொண்ணோட அப்பா ரெண்டு வார்த்தை பேசட்டுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. எழுந்து நின்றேன். பெண்கள் வரிசையிலிருந்து மல்லிகா சத்தம் போட்டாள்.

"ஒண்ணுல வெச்சு பேசுங்க!"

எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. அவர்கள் பக்கம் விழித்தது. என்ன விஷயம் என்று சம்பந்தி கேட்க, சரண்யா ஆரம்பித்தாள். என் மச்சான் நடுவில் புகுந்து நான் பேசிய மாதிரியே பேசிக் காட்டினான். அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார். எல்லாம் முடிவதற்குள் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். நான் பேசாமலே உட்கார்ந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

இப்போது எங்கே போனாலும் அப்படித்தான். என்னைப் பேசச் சொன்னால் வீட்டில் யாராவது இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு வேலை மிச்சம். அதற்கும் அந்த இரண்டு பேருக்குத்தான் நன்றி.