திருவாதிரையின் உடல்நிலை அறிக்கை

மனித குலம் அறியாமை இருளிலிருந்து நிரந்தரமாக விடுதலை பெற்றது 1931-ஆம் வருஷம் ஆனி மாதம் பத்தாந் தேதி, மாலை ஐந்து மணிக்கு, மானகிரி உடையப்ப செட்டியார் வீட்டு இரண்டாங்கட்டில். பலகாரம் வரத் தாமதமானதால் விடுதலை ஆறு மணிக்குத்தான் கிடைத்தது.

செட்டியார் ரங்கூனிலிருந்து ஒரு பித்தளைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியோடும், மூடநம்பிக்கையின் மேல் தீராத கோபத்தோடும் திரும்பியிருந்தார். உடனே 'வான சாஸ்திர அபிவிருத்திச் சபை' உதயமாயிற்று. அங்கத்தினர் பதினொரு பேர். அத்தனை பேரும் பங்காளிகள். ஆகவே, யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதைத் தவிர வேறு எதிலும் கருத்து வேற்றுமை இல்லை.

முதல் பிரசங்கம் காரைக்குடிப் பள்ளிக்கூட வாத்தியார் சூசைமரியானுடையது. நட்சத்திரங்கள் தூரத்துச் சூரியன்கள் என்றார். நீலமாய் எரிந்தால் சூடு அதிகம், சிவப்பாய் எரிந்தால் சூடு குறைவு என்றார். சபை கைதட்டியது.

"திருவாதிரை சிவப்பு. நம் கண்ணில் படும் அதன் வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டு இருநூறு வருஷம் இருக்கும். அது இப்போதும் எரிகிறதா, அணைந்துபோனதா, யாருக்குத் தெரியும்?" என்று முடித்தார். சபை இன்னும் பலமாகக் கைதட்டியது.

செட்டியார் மட்டும் தட்டவில்லை. பதினைந்து நாளில் அவர் மகள் கண்ணம்மைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழகுசுந்தரம், திருவாதிரை நட்சத்திரம்.

"வாத்தியாரே, அது அணைஞ்சு போயிருந்தா நமக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்கு அணைஞ்சா இன்னும் இருநூறு வருஷத்துல தெரியும், செட்டியார் ஐயா."

"அதுவரைக்கும் முகூர்த்தத்தைத் தள்ளி வைக்க முடியாதே!"

"தீட்டு எப்பயிருந்து கணக்கு?" என்றார் ஒரு பங்காளி. "செத்த அன்னையிலேருந்தா, சேதி வந்த அன்னையிலேருந்தா?"

சீமை விஞ்ஞானிகளுக்கும் இத்தனை நுட்பமான சந்தேகம் தோன்றியிருக்காது. வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு, மாட்டு வண்டிக்கு நேரமாயிற்று என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்த கண்ணம்மை, கூட்டம் கலைந்ததும் வந்தாள்.

"அப்பச்சி, நட்சத்திரம் எப்படிக் கெடந்தா என்ன? அவுக நல்லாத்தானே இருக்காக?"

"மாப்பிள்ளை ஒடம்பைப் பத்தி இப்ப யாரு பேசுனா? பழைய காலத்து ஆளுக மாதிரி வெறும் ஜாதகத்தைப் பாத்துட்டுக் கட்டிக் குடுக்கச் சொல்லுறியா? இது விஞ்ஞானம் ஆத்தா!"

கண்ணம்மைக்கு அழகுசுந்தரத்தைப் பிடித்திருந்தது. சபையின் விதிமுறைகளில் அதற்கு இடமில்லை.

மறுநாள் மாலை ஏழரை மணிக்குச் சபை மொட்டைமாடியில் கூடி 'நேரடிப் பரிசீலனை' நடத்தியது. திருவாதிரை சிவப்பு என்று வாத்தியார் சொல்லியிருந்தார். தென்கிழக்கே சிவப்பாக ஒன்று இருந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"சூடு கொறஞ்சுதான் போச்சு," என்றார் செட்டியார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்தீகளா, துடிக்குது! மூச்சு வாங்குதுண்ணே," என்றார் ஒரு பங்காளி.

"இருநூறு வருஷத்துக்கு முந்தியே இந்த இழுப்பு இழுத்திருக்குன்னா, இப்ப எங்குட்டு உசுரோட இருக்கப்போகுது?"

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அறிக்கை தயாராயிற்று: "ஆனி மாதம் மாலை ஏழரை மணிக்குத் தென்கிழக்கு வானில் சிவப்பாகத் தென்படும் மேற்படி நட்சத்திரம் காலமாகிவிட்டதெனச் சபை ஏகமனதாக அபிப்பிராயப்படுவதால், அதில் ஜனித்தவர்களோடு யாரும் சம்பந்தம் செய்துகொள்ளலாகாது."

பதினொரு பேரும் கையெழுத்திட்டார்கள். அறிக்கை அச்சாகிச் செட்டிநாட்டு ஊர்களுக்கெல்லாம் போயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்கு அதோடு ஓர் அனுதாபக் கடிதமும் போயிற்று. அவர்கள் பதில் எழுதவில்லை. அதே முகூர்த்தத்தில் அழகுசுந்தரத்துக்கு நாட்டரசன்கோட்டையில் பெண் எடுத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். கண்ணம்மை அன்று முழுதும் உள்கட்டை விட்டு வெளியே வரவில்லை. விஞ்ஞான வளர்ச்சிக்குச் சில தியாகங்கள் அவசியம் என்று செட்டியார் சபையில் உருக்கமாகப் பேசினார்.

ஆடி பிறந்ததும், அறிக்கையைச் சென்னைக்கு அனுப்புமுன் ஒரு மேலொப்பம் வாங்கலாம் என்று வாத்தியாரை அழைத்தார்கள். அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"செட்டியார் ஐயா, ஆனி மாசம் திருவாதிரை சூரியனோட ஏறிச் சூரியனோட எறங்கிரும். யாரு கண்ணுலயும் படாது."

"அப்ப நாங்க பதினொரு பேரும் பாத்தது?"

"கேட்டை."

செட்டியார் உள்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கண்ணம்மை பிறந்தது கேட்டை நட்சத்திரத்தில்.