பாய்காட் அண்ணாத்தையை ஒதுக்கிவைத்த பஸ்

செங்கல்பட்டிலிருந்து மறைமலைநகர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் பாய்காட் அண்ணாத்த ஏறிய பிறகு, யாரையாவது நாங்கள் ஒதுக்கிவைக்காத வாரமே கிடையாது. அவருடைய நிஜப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

ஸ்டேஷன் பக்கத்து டிபன் கடையில் இரண்டாவது கரண்டி சட்னிக்கு முறைத்தார்களா, பாய்காட். சலூன்காரர் அரசியல் பேசினாரா, பாய்காட். அடுத்த சலூன்காரர் வாயே திறக்கவில்லையா, திமிர், அவரும் பாய்காட். நாங்கள் பசியும் தாடியுமாகத் திரிந்தோம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குஷி. நல்லவன் என்று பெயர் வாங்க வேறெந்த நல்ல காரியமும் செய்ய வேண்டாம், எல்லோரோடும் சேர்ந்து கை தூக்கினால் போதும்.

ஒருநாள் மாற்று டிரைவர் வந்தார். பாட்டுப் போட மறுத்துவிட்டார். "இந்தாளாண்ட எவனும் வாய் தொறக்கக் கூடாது" என்றார் அண்ணாத்த. மறைமலைநகர் வந்ததும் டிரைவர், "கம்பெனி எந்தப் பக்கம் சார்?" என்றார். மொத்த பஸ்ஸும் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தது. கம்பெனியைக் கோட்டைவிட்டு அடுத்த ஊரான கூடுவாஞ்சேரியும் தாண்டியதும் அண்ணாத்த போனைக் காதில் வைத்து, யாரிடமோ பேசுவதுபோல உரக்கச் சொன்னார்: "யப்பா, வண்டியத் திருப்புனா நல்லாருக்கும்பா!"

அப்படிப்பட்டவர், நாங்கள் ஒதுக்கிவைத்த அந்த டிபன் கடையிலேயே மூக்குமுட்டப் பொங்கல் தின்ற போட்டோ எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. மறுநாள் பஸ் கொந்தளித்தது. வெல்டிங் பிரிவு முருகேசன் எழுந்து, "இனிமே அண்ணாத்தயாண்ட யாரும் பேசக் கூடாது. கை தூக்குங்க" என்றான்.

முதலில் எழுந்தது அண்ணாத்தையின் கை.

"யோவ், உன்னத்தான்யா ஒதுக்கறோம்!"

"தெரியும்பா. எல்லாரும் தூக்கறப்போ நான் மட்டும் சும்மாகீறது பேஜாராகீது."

சிரித்தோம். ஆனால் அவர் மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டோடு போய்விட்டவர். வீட்டில் டிவியைத் தவிர அவரோடு பேச யாரும் இல்லை. அவருக்குப் பேச்சென்றால் இந்த பஸ்தான்.

தண்டனையை அவரைப்போல யாரும் மதித்ததில்லை. தவறிப்போய் யாராவது "இன்னா அண்ணாத்த?" என்றால், வாயில் விரல் வைத்து, "நான் பாய்காட்டுபா" என்பார். கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு, நாங்கள் பேசுவதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வருவார். அது எனக்குத் தாங்கவில்லை.

ஒரு காலை நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பேசாதபா! உன்னியும் ஒதுக்கிடுவானுங்க."

"ஒதுக்கட்டும் அண்ணாத்த. நாம ரெண்டு பேரும் சேந்து அவனுங்கள ஒதுக்கிடலாம்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு குனிந்து, ரகசியமாக, "முருகேசன்லேர்ந்து ஆரம்பிக்கலாமா?" என்றார்.

முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, பஸ்ஸில் வேறு யார் என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது.