சுத்தம் செய்த ட்ரவுட்

மூன்றாவது வீச்சில் தூண்டில் முள் ஆற்றுப் பக்கமே போகவில்லை. பின்னால் நின்ற மேனேஜரின் தொப்பியில் கச்சிதமாக மாட்டிக்கொண்டது.

"யோவ்! மீன் ஆத்துல இருக்குய்யா, என் தலையில இல்ல!"

"அசையாதீங்க சார். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்தேன்," என்றார் கிளார்க், கொஞ்சமும் கூசாமல்.

நம் கிளார்க்குக்கு வாய் நீளம். கம்பெனி ஸ்டோரில் சூப்பர்வைசர் நாற்காலி காலியாகியிருந்தது. மேனேஜரோ ட்ரவுட் மீன் பிடிப்பதில் பைத்தியம். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி ஈ மாதிரி செய்து, அதை மலை ஆற்றில் வீசி மீனை ஏமாற்றத் தெரிந்தவனுக்குத்தான் பொறுமை இருக்கும், பொறுமை இருக்கிறவனுக்குத்தான் ஸ்டோர் என்பது அவர் கொள்கை. "சின்ன வயசுலேர்ந்து பிடிக்கிறேன் சார்," என்று கிளார்க் அளந்துவிட்டார். ஓடிப்போய் பஸ் பிடித்ததைத் தவிர அவர் வாழ்நாளில் வேறெதையும் பிடித்ததில்லை.

இதில் அவர் மனைவி வேறு, பிறந்த வீடு புகுந்த வீடு என்று ஒரு வீடு பாக்கியில்லாமல் போன் போட்டு, பிரமோஷன் வந்தேவிட்டது என்று சொல்லிவிட்டாள். வெறுங்கையோடு திரும்பினால் மச்சினன் முகத்தில் எப்படி முழிப்பது?

கிளார்க் முள்ளைச் சுண்டி இழுத்தார். தொப்பி பறந்து ஆற்றில் விழுந்தது. அதை எடுக்கப் போனவர் பாசியில் வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் தொபுக்கடீர்.

"இது என்னய்யா முறை?"

"தண்ணி எவ்வளவு ஜில்லுனு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் சார், மீன் எந்த ஆழத்துல நிக்கும்னு சொல்ல முடியும்," என்றார், பல் தந்தியடிக்க.

"ஓஹோ," என்றார் மேனேஜர். தனக்குத் தோள்வலி என்று அவர் காலையிலிருந்தே தூண்டிலைத் தொடவில்லை.

இனித் தாங்காது. "அந்தப் பாறைக்குப் பின்னாடி பாக்கறேன் சார்," என்று கிளார்க் தன் பையோடு நழுவினார். பையில் மனைவி கடையில் வாங்கிக் கட்டிக்கொடுத்த முழு ட்ரவுட் இருந்தது. பிரித்துப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. போனை எடுத்தார்.

"என்னடி இது, வயித்தைக் கிழிச்சிருக்கு!"

"ஏங்க, சுத்தம் பண்ணாம என்னிக்கு நாம மீன் வாங்கியிருக்கோம்? கடைக்காரர் தங்கமான மனுஷன். உப்புக்காரம் உள்ள எறங்கட்டும்னு ரெண்டு பக்கமும் மும்மூணு கீறல் போட்டுக் குடுத்தாரு. காட்டிட்டுப் பத்திரமா எடுத்துட்டு வாங்க, சமைக்கணும்."

வேறு வழி? முள்ளை மீனின் வாயில் செருகித் தண்ணீரில் போட்டு, கம்பை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார். "மாட்டிருச்சு சார்! மாட்டிருச்சு!"

மேனேஜர் ஓடிவந்தார். சத்தம் கேட்டு நரைமீசை ஆற்றுக் காவலரும் கூடவே வந்தார்.

"என்னய்யா இத்தனை கீறல்?" என்றார் மேனேஜர்.

"பாறையில உரசியிருக்கும் சார்."

"வயிறு இப்படி ஒட்டிப்போயிருக்கு?"

"பசி சார். பாவம்."

காவலர் தொண்டையைச் செருமினார். "சார், இந்த ஆத்துல பிடிச்ச மீனை உயிரோட திரும்ப விட்டுடணும். அதுதான் சட்டம். விடுங்க."

"உ... உயிரோடயா?"

"விடுய்யா, பாவம்," என்றார் மேனேஜர்.

கிளார்க் மீனைத் தண்ணீரில் இறக்கி, வாலைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டி, மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக் கையை விட்டார். மீன் முங்கியது. பிறகு மல்லாந்து மேலே வந்தது. கிழிந்த வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிதானமாக மிதந்து போனது.

"கொஞ்சம் மயக்கம் போல சார்," என்றார் கிளார்க். போச்சு, எல்லாம் போச்சு.

மேனேஜர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அடேயப்பா, என்ன வேகமா நீந்துது!" என்று கிளார்க்கின் முதுகில் தட்டினார். "திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்டோர் உங்க பொறுப்பு." சொல்லிவிட்டு ஈரத் தொப்பியைப் பிழிந்தபடி காரைப் பார்த்து நடந்தார்.

கிளார்க்குக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, பயம் பாதி. காவலரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. புண்ணியமாப் போகும், மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்? உங்களுதாவது பச்சை மீன். அவரு மேனேஜர் ஆகறதுக்காக முதலாளியைக் கூட்டிட்டு வந்து, இதே எடத்துல விட்டது பொரிச்ச மீன்."