சிலந்திக்கு விளக்குப் போட்டவன்

சித்தூர்,
டிசம்பர் 16, செவ்வாய்.

கிறிஸ்துவுக்குள் அன்பும் கனமும் பொருந்திய சம்பந்தி ஜெபமணி ஐயா அவர்களுக்கு, தேவானந்தம் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் சுலோச்சனாவும் சுகம். அங்கே திருப்பதியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன். இந்த வரியை வருஷா வருஷம் வழக்கத்துக்காக எழுதுவேன். இந்த வருஷம் தாங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று மகன் ஆசிரிடம் இரண்டு தடவை விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

ஞாயிறு மத்தியானம் தொடங்கி சித்தூரிலிருந்து தங்களுக்குப் பதினேழு துக்க போன் வந்ததாக ஆசிர் சொன்னான். அடக்கம் எத்தனை மணிக்கு என்று ஒருவர் தங்களிடமே கேட்டாராம். அத்தனைக்கும் காரணம் நான்தான். போனிலேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். "போன்ல பேசினா நடுவுல சிரிச்சிடுவீங்க. ஒழுங்கா எழுதிப் போடுங்க" என்று சுலோச்சனா சொல்லிவிட்டாள். முப்பத்தைந்து வருஷம் கூடவே இருந்தவள், அவளுக்குத் தெரியாதா?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயந்திரம் தங்கள் மகள், எங்கள் மருமகள் ஸ்வீட்டி, கேக் டப்பாவும் கையுமாக எங்கள் கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். கேட்டுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே ஒரு சிலந்தி வண்டிச் சக்கரம் மாதிரி வலை கட்டி வைத்திருந்தது. வலை முகத்தில், சிலந்தி தலையில், கேக் சாக்கடையில், அவள் தரையில். அவள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. நான் ஓடிப்போய் அவளைத் தூக்கிவிட்டிருக்க வேண்டும். சிரித்தேன் சம்பந்தி. கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அதுவும் போதாதென்று, சிலந்தியும் ஆண்டவர் படைப்புத்தான் என்று ஒரு குட்டிப் பிரசங்கம் வேறு. மறுநாள் ஆராதனை முடிந்து பஸ் ஏறினவள்தான், பேத்தி பிறந்து ஐந்து மாதம் ஆகியும் இந்த வாசலை மிதிக்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு ஞானஸ்நானம் நடந்த சபை இது. என் பேத்திக்கும் இங்கேதான் நடக்க வேண்டும் என்று எனக்கு உயிர். ஆசிரோ, "அவ வரமாட்டேன்றா நைனா, திருப்பதியிலயே வெச்சிக்கலாம்" என்கிறான்.

எல்லாவற்றுக்கும் மூலம் அந்தச் சிலந்தி என்று முடிவு செய்தேன். அதை ஒழித்தால் மருமகள் வருவாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு காலையில் போனால் வலையே இருக்காது. விடிவதற்குள் வலையை அதுவே சுருட்டித் தின்றுவிட்டுச் சுவர்ச் சந்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சாயந்திரம் ஆறரை ஆனால் டாணென்று வந்து புதிதாகக் கட்டுகிறது. மின்சார இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த முப்பத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு நாள்கூட அப்படி நேரத்துக்கு வேலைக்குப் போனதில்லை. அந்த இலாகாக்காரனுக்கு எந்த வியாதிக்கும் தெரிந்த ஒரே மருந்து வெளிச்சம். இருட்டில் பிழைக்கிற ஜந்து, வெளிச்சம் போட்டால் ஓடிவிடும் என்று நவம்பரில் கேட்டுக்கு ஒரு ஃபோகஸ் லைட் போட்டேன். ஒன்று மூன்றாயிற்று. முருங்கை மரத்துக்கு ஒன்று போட்டேன், ஏழாயிற்று. டிசம்பர் பிறந்ததும் மாடியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை, உள்ளே பெரிய பல்பாக வைத்து ஏற்றினேன். பதினொன்று. சுண்டைக்காய் அளவில் இருந்தவை நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டன.

பக்கத்து வீட்டுப் பெண் ஹரிதா தங்கள் திருப்பதியில்தான் விலங்கியல் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் எங்கள் கேட்டண்டை நின்று பத்து நிமிஷம் பார்த்தாள். "அய்யோ அங்கிள், மீரே பெஞ்சுதுன்னாரு. நீங்கதான் வளர்த்துக்கினு கீறீங்க. லைட்டுக்குப் பூச்சி வருது, பூச்சிக்கு இது வருது. இதுங்களுக்கு நீங்க மெஸ் நடத்திக்கினு கீறீங்க" என்றாள். வெதுருகுப்பம் மாதிரிக் கிராமத்து வேலியில் ஒரு சிலந்தி நாளெல்லாம் காத்துக் கிடந்தாலும் அரை வயிறுதானாம். டவுனில் சுவர்ச்சூடு இருக்கிறது, பிடித்துத் தின்ன குருவியும் குளவியும் குறைவு, வாசல்தோறும் விளக்கு. உட்கார்ந்த இடத்தில் தின்று கொழுத்து முட்டையும் நிறைய இடுமாம். கேட்கும்போதே என் தொப்பையைக் கையால் மறைத்துக்கொண்டேன். ரிட்டயராகி டவுனில் வீடு கட்டினவன் கதையும் அதுதானே.

"அப்ப இன்னாம்மா செய்றது?" என்று கேட்டேன். "லைட்டை ஆஃப் பண்ணுங்க அங்கிள். சாப்பாடு இல்லன்னா அதுங்களே போய்டும்" என்றாள். அன்றைக்கே எல்லாவற்றையும் அணைத்தேன், நட்சத்திரம் உட்பட. இங்கேதான் சம்பந்தி, என் புத்தி புல் மேயப் போனது. டிசம்பரில் நம் ஜனங்களில் நட்சத்திரம் எரியாத வீடு துக்க வீடு. அது எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷத்துக்கு முன் பெரியப்பா போனபோது நானேதான் நட்சத்திரத்தைக் கட்டாமல் வைத்தேன். சிலந்தி ஞாபகத்தில் அது மறந்தே போயிற்று.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு சாம் வந்தார். எங்கள் சபைக் கமிட்டிச் செயலாளர். ஒரு வார்த்தை பேசாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். துக்க வீட்டில் யார் என்று கேட்பது மரியாதை இல்லையாம். பேத்தி வராத கவலையில் நானும் கூடவே பெருமூச்சு விட்டேன். வெளியே போய்க் கணக்குப் போட்டிருக்கிறார்: என்னையும் சுலோச்சனாவையும் கண்ணால் பார்த்தாயிற்று, ஆசிர் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பியிருக்கிறான், அக்டோபரில் சபையில் தங்கள் சர்க்கரை வியாதிக்காக ஜெபம் செய்தோம். ஆக, மிச்சம் தாங்கள்தான்.

ஞாயிறு ஆராதனையில் சபைப் போதகர் ஐயர் எழுந்து, பிரியமானவரை இழந்து தவிக்கும் குடும்பத்துக்கு ஆறுதல் தரும்படி உருக்கமாக ஜெபித்தார். பாவம், யார் வீடோ என்று நானும் உருகி, சபையிலேயே உரக்க ஆமென் சொன்னேன். அப்புறம்தான் தங்கள் பெயரைச் சொன்னார். நான் எழுந்து, "ஐயரே, எங்க சம்பந்தி உயிரோட கீறாரு, நேத்துகூட இட்லி துன்னாராம்" என்றேன். பின் வரிசையில் ஒரு பாட்டி இரண்டு கையையும் தூக்கி "ஸ்தோத்திரம்" என்றாள். தாங்கள் உயிர்த்தெழுந்துவிட்டதாகவே நினைத்துவிட்டாள். அந்தச் சந்தடியில் நான் சொன்னது காதில் விழாமலே பாதிப் பேர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

ஆனால் விளக்கணைத்ததற்குப் பலன் இல்லாமல் இல்லை. பதினொன்றில் ஒன்பது சாம் வீட்டு நட்சத்திரத்துக்குக் குடிபோய்விட்டன. மற்ற இரண்டும் இளைத்துக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்குள் அவையும் போய்விடும். ஆகவே தாங்கள் பெரியமனது பண்ணி, வீட்டில் சிலந்தி இல்லை என்று ஸ்வீட்டியிடம் எடுத்துச் சொல்லி, வரும் ஞாயிறு குழந்தையோடு அனுப்பி வைக்க வேண்டும். தாங்களும் கட்டாயம் வர வேண்டும். தங்களை நேரில் பார்த்தால்தான் சிலர் நம்புவார்கள்.

கர்த்தர் தங்களுக்கு நீடித்த ஆயுசைத் தருவாராக. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு, பேத்திக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சம்பந்தி,
தேவானந்தம்

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஸ்வீட்டியே போன் செய்தாள். அப்பாவை ஏன் சாகடித்தீர்கள் என்று கேட்டாள். இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். பிறகு, "சிலந்திக்காகவா மாமா நான் வரல? எங்க பாத்ரூம்லயும்தான் ரெண்டு கீது. தெரு ஜனம் எதிர்ல நீங்க சிரிச்சீங்க. தூக்கிவிடக்கூட வரல" என்றாள். ஒரு வருஷத்தில் பதினொரு சிலந்தியோடு மல்லுக்கட்டினேனே தவிர, அவளிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்டேன். சிரிப்பு வரவில்லை சம்பந்தி, அழுகைதான் வந்தது. "சனிக்கிழமை வரோம். நட்சத்திரம் போட்டு வைங்க மாமா, பாப்பா பாக்கணும்" என்றாள். போட்டுவிட்டேன். கேட்டுக்கும் முருங்கைக்கும் நடுவே முதல் இழை ஓடியாயிற்று. ஆகையால் மேலே எழுதியதில், தாங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடவும்.