டேப்பும் ஒரு துவாதசிக் காலையும்

ஸ்ரீரங்கத்தில் டேப்பு அளக்காமல் விட்டது மொட்டைக் கோபுரம் ஒன்றைத்தான். அதுவும் ஏணி எட்டாததால்.

அவர் முனிசிபாலிடியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். சொந்தப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. தோல் உறையில் சுருட்டிய டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு வருவார், அதனால் டேப்பு. அரை அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார். தன் வீட்டு வாசற்படி சாக்கடை மேல் மூன்று அங்குலம் நீட்டியிருக்கிறது என்று தனக்கே நோட்டீஸ் எழுதித் தன் கதவிலேயே ஒட்டினார். பதில் வரவில்லை என்று ஏழாம் நாள் ஆள் வைத்து இடித்துவிட்டார். அவர் சம்சாரம் ஆறு மாதம் வீட்டுக்குள் தாவித்தான் ஏறினார்.

இந்த மனுஷனிடம்தான் நாங்கள் மாட்டினோம். ஐம்பதுகளின் கடைசி. திருச்சியில் காலேஜ், ஹாஸ்டலில் இடமில்லை. உத்தர வீதிப் பக்கம் ஒரு சந்தில் எட்டுப் பையன்கள் வீடு எடுத்திருந்தார்கள். அப்புறம் மூன்று பேர் சேர்ந்தோம். கடைசியாகச் சேர்ந்தவன் நான். துறையூர்ப் பக்கத்துக் கிராமம். இடம் கிடைக்கவில்லை என்று ஊருக்குப் போனால் அப்பா ஏர்க்காலைக் கையில் கொடுத்துவிடுவார். அதற்காகவே காத்திருந்தார்.

குடும்பங்கள் இருக்கும் சந்தில் பதினொரு தடியன்கள். கத்தினோம், சீட்டு ஆடினோம், ஈரத் துண்டைத் தெருப்பக்கம் காயப்போட்டோம். ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு ரிடையர்டு ஹெட் கிளார்க்குக்கு அது போதும். நேரில் வந்து, "டேய், சத்தம் போடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனு எழுதினார். மனு எழுதியே பென்ஷன் வாங்கியவர்.

டேப்பு வந்தார். ஒவ்வொரு அறையாக அளந்தார். ஒரு ஆள் படுக்க இவ்வளவு இடம் வேண்டும் என்று சட்டமாம்.

"எத்தனை பேருப்பா?"

"பதினொண்ணு சார்."

"எட்டுப் பேருக்குத்தான் இடம் இருக்கு. கடைசியா வந்த மூணு பேரு யாரு?"

கையைத் தூக்கினோம்.

"பத்து நாள் டயம். காலி பண்ணிடுங்க. இல்லேன்னா வீட்டையே பூட்டிடுவேன்."

"பொங்கல் கழிஞ்சு பரீட்சை சார்!"

"டேப்புக்குப் பரீட்சை தெரியாது தம்பி."

ஆளைக் கடித்துவிடலாம் போல் இருந்தது.

பத்தாம் நாள் துவாதசி. அதற்கு முந்தின நாள் வைகுண்ட ஏகாதசி, ஊர் பூராவும் பட்டினி, கண்விழிப்பு. மறுநாள் விடிந்ததும் பாரணைச் சாப்பாடு. துவாதசியன்று பகலில் தூங்கக் கூடாது என்பார்கள். பத்து மணிக்கு எங்கள் சந்தே குறட்டை விட்டது. நான் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். டேப்பு வாசலில் நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்களை மட்டும் ஏன் சார் அளக்கறீங்க? பக்கத்து வீட்டையும் அளந்து பாருங்க!"

கொஞ்சம் யோசித்தார். "பக்கத்து வீட்டை விட்டுடணும்னு ரூல்ல இல்லை" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஹெட் கிளார்க் வீட்டுக்குள் நுழைந்தார். நாங்களும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தோம்.

உள்ளே தரையே தெரியவில்லை. கும்பகோணம், மன்னார்குடி, மதராஸ் என்று எல்லா ஊர்ச் சொந்தமும் படுத்திருந்தது. ஊஞ்சலில் மூன்று பேர். நெல் மூட்டை மேல் ஒருவர். டேப்பு தாண்டித் தாண்டி அளந்தார், விரலை நீட்டி எண்ணினார். வெளியே வந்து சாக்பீஸால் அந்த வீட்டுச் சுவரில் 43 என்று எழுதினார். ஹெட் கிளார்க் பின்னாலேயே ஓடி வந்தார்.

"இருபது பேர் இருக்கலாம். இருபத்துமூணு பேரை வெளியே வரச் சொல்லுங்க."

"ஓய்! இவாள்ளாம் பெருமாளைச் சேவிக்க வந்தவா. நாளைக்குக் கிளம்பிடுவா!"

"பெருமாளுக்கு வந்தவங்க, படிக்க வந்தவங்கன்னு ரூல்ல தனித்தனியா இல்லீங்க. யாரு யாருன்னு நீங்களே சொல்லுங்க."

சத்தத்தில் சொந்தமெல்லாம் எழுந்து ஹெட் கிளார்க்கின் வாயையே பார்த்தது. அவர் மாமியார் முன்னால் வந்தார். "என்னை வெளில தள்ளத்தான் இந்த மனுஷரை வரவழைச்சேளா, மாப்பிள்ளே?"

நெல் மூட்டைக்காரர் பையை எடுத்துக்கொண்டு, "இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். ஹெட் கிளார்க் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"ஓய், மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்! அந்தப் பசங்க இருந்துட்டுப் போகட்டும்!"

"மனுவை நீங்க வாபஸ் வாங்கலாம். அளவை நான் வாபஸ் வாங்க முடியாது. உங்க வீட்டுக்கு நாளைக்கு வந்து மறுபடி எண்ணறேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பினார். தொலைந்தோம் என்று வரிசையில் நின்றோம். நான் பெட்டியோடு நின்றேன். முதல் பையனிலிருந்து விரலை நீட்டி மெதுவாக எண்ணிக்கொண்டு வந்தார். எட்டாவது ஆளோடு விரலை மடக்கினார். எங்கள் சுவரில் 8 என்று எழுதினார்.

எங்களில் ஒரு மடையன், "சார், நாங்க பதினொண்ணு" என்றான்.

"எனக்கு எண்ணத் தெரியாதுன்னு சொல்றியா?" என்று முறைத்தார். என் பெட்டியை ஒருமுறை பார்த்தார். "ஈரத் துண்டைக் கொல்லைல காயப்போடுங்கடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் எண்ண வரவில்லை. 43-ஐ அழிக்கவும் இல்லை. அது சுவரில் இருந்தவரை எங்கள் மேல் இன்னொரு மனு வரவில்லை. நான் படித்து முடித்தேன்.

தன் வீட்டுப் படியையே விடாத மனுஷன் தன் சர்வீஸில் எண்ணாமல் விட்டது மூன்றே பேரைத்தான். அதில் ஒருவன் நான்.