செத்துச் செத்துப் பிழைத்த பிரேதம் அண்ணை

ஒஸ்லோவில் பிரேதம் அண்ணையைவிட அதிகத் தடவை செத்தவர் எவரும் கிடையாது. காட்டில், ஏரிக்கரையில், கார் டிக்கிக்குள், ஒருமுறை மீன் பெட்டிகளுக்கு நடுவிலும் செத்திருக்கிறார். இந்த நாட்டுத் துப்பறியும் தொடர்களுக்கு வாரம் ஒரு பிணம் வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பனியில் கிடக்க அண்ணையை விட்டால் ஆளில்லை. அவருடைய சொந்தப் பெயரே எங்களுக்கு மறந்துபோயிற்று.

லண்டனில் பிறந்தவர். தகப்பன் அங்கே பெட்ரோல் நிலையத்தில் வேலை. இவர் பதினாறு வயதில் பெயின்ட் வாளி தூக்கியவர். பகலில் சுவர், பின்னேரத்தில் நாடகம். கலியாணம் முடித்து ஒஸ்லோவின் குரோருட் பகுதிக்கு வந்து, என்னோடு ஒரே டிப்போவில் பஸ் ஓட்டினார். எனக்கு எதிர்வீடும்கூட. மனிதருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான்: திரையில் ஒரு வசனம் பேசவேண்டும். பிணத்துக்கு யார் வசனம் எழுதுவார்கள்?

வீட்டில் வேறு தொல்லை. படப்பிடிப்பு முடிந்து வந்தால் அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், வாசலிலிருந்து குளியலறை வரை விளம்பரத் தாள்களை விரித்துவிடுவார்.

"செத்த வீட்டாலை வாறியள். ஒண்டிலையும் முட்டாமல் போய் முழுகிப்போட்டு வாங்கோ."

"செத்ததே நான்தானப்பா."

"அப்ப ரெண்டு தரம் முழுகுங்கோ."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் தானே திரைக்கதை எழுதத் தொடங்கினார். கதாநாயகன், அவரே நடிக்கவிருந்த ஒரு பஸ் சாரதி. வாய் ஓயவே மாட்டான். இடைவேளை நேரமெல்லாம் அதை வாசித்துக் காட்டி எங்கள் பிராணனை வாங்கினார். ஆனால் ஒரு தயாரிப்பாளர் அம்மையாருக்கு அது பிடித்துவிட்டது. ஒரேயொரு திருத்தம் கேட்டார்: சாரதி முதல் காட்சியிலேயே சாகவேண்டும்.

அண்ணை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டிப்போவிலிருந்து அந்த அம்மையாருக்கு ஃபோன் எடுத்தார். சாகிறேன், ஆனால் அதற்கு முதல் ஒரு வசனம் பேசுவேன், இல்லையென்றால் கதையைத் திருப்பித் தாருங்கள் என்றார். அம்மையார் சரி என்றதும் ஃபோனை வைத்துவிட்டு பஸ் எடுக்கப் போனார்.

படப்பிடிப்பு முடிந்த அன்று நான்தான் காரில் கூட்டிவந்தேன். நெற்றியில் சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது. அக்கா தாள்களோடு வாசலில் நின்றார்.

"செத்தாச்சோ?"

"ஓம். ஆனா கதைச்சுப்போட்டுத்தான் செத்தனான்."

"என்ன கதைச்சனீங்கள்?"

அண்ணை நிமிர்ந்து நின்று சொன்னார். தினமும் கடைசி நிறுத்தத்தில் வயதானவர்களுக்கு அவர் சொல்வதுதான்.

"வெளியிலை வழுக்கும், பாத்துப் போங்கோ."

அக்கா வழியை விட்டு விலகினார். பிறகு தாள்களை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

"உள்ளை வாங்கோ. தேத்தண்ணி ஆறுது."

அண்ணை இப்போது லண்டனுக்கே போய்விட்டார். கடைசி நிறுத்தத்தில் கதவைத் திறக்கும்போது அந்த வசனத்தை நான்தான் சொல்கிறேன். கோடையிலும் சொல்கிறேன்.